ஒரு கைச் சேவும் வாரம் ஒரு ஊசியும்

ராசா,

நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். நீ நன்றாக இருப்பது கார்த்திகா அனுப்பிய போட்டோவிலேயே தெரிந்துவிட்டது. புடவைக் கடையில் அவள் முன்னால் நடக்கிறாள், நீ இரண்டு கட்டைப் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கிறாய். பெற்றவளுக்கு ஒரு நாளும் காய்கறிப் பை தூக்காத பிள்ளை. அதைப் பார்த்து நானும் அப்பாவும் வாய்விட்டுச் சிரித்தோம். கல்யாணத்துக்கு முன்னாலேயே நல்ல புத்தி வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்தான்.

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னை ஓரங்கட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இது ஆர்டர் எழுதிப் பழகிய கை, கடிதம் எழுதிப் பழகியதில்லை. அங்கங்கே கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டது இதுதானே. திருத்தங்கல் ரோட்டில் நாம் பிரஸ்ஸுக்கு இன்னொரு ஷெட் போடுவதற்காக வாங்கிப் போட்டிருக்கும் இடத்தை விற்றுப் பணத்தை உன்னிடம் தர வேண்டும். நீ அதை உடம்பு இளைக்கிற மருந்து செய்யும் கம்பெனிகளின் பங்குகளில் போடுவாய். கல்யாணத்துக்குள் எங்கள் முடிவு தெரிய வேண்டும் என்றாய். பெரிய மனிதர்களுக்கு எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நீ. எங்களுக்கும் அதே மரியாதை கொடுத்து, படம் போட்டு அனுப்பியிருந்தாய். வலது பக்கம் பச்சை அம்பு மேலே போகிறது, அது மருந்து. இடது பக்கம் சிவப்பு அம்பு கீழே போகிறது, அது நொறுக்குத்தீனி, ஸ்வீட், ஹோட்டல், அவற்றுக்குப் பெட்டி அடிக்கிறவர்கள். அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு, "இந்தச் சிவப்பு அம்புக்குள்ள நாமளும் இருக்கோம், இவன் மாமனாரும் இருக்காரே" என்றார். நாம் சிவகாசியில் ஸ்வீட் பாக்ஸ் அடிக்கிறவர்கள், உன் மாமனார் சாத்தூரில் சேவு போடுகிறவர். தாலி கட்டப்போகிற நேரத்தில் இரண்டு வீட்டையும் சேர்த்து ஒரே அம்பில் கீழே இறக்கிய மாப்பிள்ளை நீ ஒருவன்தான்.

உன் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த மருந்தைப் பற்றிச் சொல்ல இந்தத் தெருவில் என்னைவிடத் தகுதி உள்ளவள் யாரும் இல்லை. போன கோடையில் என்னை மதுரைக்கு இழுத்துப் போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தது நீதான். சுகர் ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் என்று நான் பிரஸ்ஸில் வாசல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கிடந்த காலம் அது. மாடியில் அட்டை கட்டிங் நடந்தால் கீழே இருந்து சத்தம் போடுவேன், அவ்வளவுதான் என் நிர்வாகம். ஊசி என்றதும் நான் மாட்டேன் என்றேன். நீ என்னிடம் கெஞ்சவில்லை, டாக்டரிடம் எழுதச் சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டாய். உனக்கு அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது என்று அப்பா இன்றும் சொல்கிறார்.

பேனா மாதிரி இருக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் குத்திக்கொள்கிறேன், எறும்பு கடித்தாற்போல்கூட இல்லை. ஆனால் அது உள்ளே போய்ச் செய்த வேலை இருக்கிறதே! விருதுநகர் போனால் எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் திரும்பாதவள் நான். அந்தக் கடையைத் தாண்டும்போது என் தலை திரும்பக்கூட இல்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பசி என்று ஒரு ஆள் நம் வீட்டில் இத்தனை வருஷம் குடியிருந்து, சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போன மாதிரி இருந்தது. முதலில் கொஞ்சம் அழுகைகூட வந்தது. பிறகு பழகிவிட்டது.

அதன் பிறகுதான் நீ சொல்கிற பொருளாதாரத்தை நான் தெருவிலேயே பார்த்தேன். என் ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகி, தையல்காரரிடம் கொடுத்தால் அவர், "அக்கா, முன்னெல்லாம் பிரிச்சு விடத்தான் வருவாக, இப்பப் பிடிக்கச் சொல்லி வாராக" என்றார். வளையல் கையில் நிற்காமல் ஆசாரியிடம் போனேன், அங்கே எனக்கு முன்னால் மோதிரத்தைச் சின்னதாக்க ஒரு மில் முதலாளி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. சமையல் கான்ட்ராக்டர் வந்தால், பெரிய இடத்துக் கல்யாணங்களில் இரண்டாவது இனிப்பு இலையிலேயே கிடக்கிறது என்று புலம்புகிறார். ஆக, பசி குறைந்தால் ஒருவருக்கு வேலை போகிறது, இன்னொருவருக்கு வேலை வருகிறது. உன் படத்தில் தையல்காரருக்கும் ஆசாரிக்கும் ஒரு சின்ன அம்பாவது போட்டிருக்கலாம்.

இப்போது உனக்குப் பாதி மட்டும் சொன்ன ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்கிறேன். சாத்தூரில் உன் சம்பந்தத்தை உறுதி செய்யப் போன நாளைப் பற்றி. நீ சென்னையில் இருந்தாய். நானும் அப்பாவும் உன் தாய்மாமாவும் போனோம். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பேச்சு முடிகிறவரை பெண் வீட்டில் தண்ணீருக்கு மேல் எதையும் தொட மாட்டோம். சம்மதம் என்றானால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்போம். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குமேல் பத்திரம் வேண்டாம், சாட்சி வேண்டாம். எல்லாம் நல்லபடியாகப் பேசி முடித்து, இலை போட்டார்கள். கேசரி வந்தது, உன் மாமனார் அண்ணாச்சி தன் கையாலேயே ஒரு குவியல் காராச்சேவு வைத்தார். நெய் ஊற்றினார்கள். அந்த நெய் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

முதல் நாள்தான் ஊசியின் அளவைக் கூட்டிப் போட்டிருந்தேன். அறிவுள்ளவள் எவளாவது சம்பந்தம் பேசப் போகிறதுக்கு முதல் நாள் அதைச் செய்வாளா? நான் செய்தேன். டாக்டர் சொன்ன கிழமை, மாற்றக்கூடாது என்று ஒரு வைராக்கியம். ஒரு துண்டு சேவை வாயில் போட்டேன், சோற்றைப் பிசைந்து இலையில் இங்கும் அங்கும் தள்ளினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இலையை மூடி எழுந்துவிட்டேன். உன் மாமா எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டான். ஆனால் அந்த மாதிரி நாளில் யாரும் மாமன் இலையைப் பார்ப்பதில்லை, மாப்பிள்ளையைப் பெற்றவள் இலையைத்தான் பார்ப்பார்கள். மூடிய இலைக்குள் அண்ணாச்சி வைத்த சேவு வைத்தபடியே இருந்தது. கார்த்திகாவின் அம்மா அந்த இலையை எடுக்கும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன்.

உடம்பு சரியில்லை என்று அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. சம்பந்தம் பேசுகிற இடத்தில் சீக்கு என்று வாயைத் திறக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். காரில் போகும்போதே உன் மாமா, "சுகருன்னு சொல்லிராத, பரம்பரையா வரும்னு நெனப்பாக" என்று எச்சரித்திருந்தான். வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்த வாரமே பெண் வீட்டில் யோசிக்கிறார்கள் என்று சேதி வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு அம்மாவுக்கு இஷ்டமில்லை, நாலு பேருக்காக வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். நீ போன் செய்தாய். ஒன்றும் கேட்கவில்லை, ஆபீஸ் விஷயம் பேசினாய், மழையைப் பற்றிப் பேசினாய். காலேஜில் பார்த்து இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்த பெண்ணை என் வயிறு கெடுத்துவிட்டதே என்று எனக்குச் சோறு மட்டுமல்ல, தண்ணீரும் இறங்கவில்லை.

மாமாவிடம் சொல்லாமல் நானும் அப்பாவும் கிளம்பிச் சாத்தூர் போனோம். மோர் கொண்டு போகிற ஃபிளாஸ்க்கில் ஐஸைப் போட்டு, அந்த ஊசிப் பேனாவையும் எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி வீட்டில் இல்லை, கடைக்குப் பின்னால் அடுப்படியில் நின்றார். கடலை மாவும் பூண்டும் வத்தலும் கலந்த வாசனை, பெரிய இரும்புச் சட்டி, ஒருவர் கரண்டியில் மாவை வைத்து உள்ளங்கையால் தேய்க்கத் தேய்க்க எண்ணெயில் சேவு விழுந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தார். முகம் கொடுக்கவில்லை. "எம் பொண்ணு புடிக்கலன்னா நேராச் சொல்லிருங்க தங்கச்சி. அதுக்கு என் சேவ ஏன் சீண்டாம வச்சிட்டுப் போனீக?" என்றார். அந்த மனிதருக்கு எது அதிகமாக வலித்தது, பெண்ணா சேவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சுகர், முழங்கால், மதுரை டாக்டர், கூட்டிய அளவு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கள் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல என் நாக்கு எழும்புமா என்று கேட்கும்போது அழுதுவிட்டேன். அப்பாவும் பக்கத்தில் நின்று, சீக்கை மறைத்தது எங்கள் தப்புதான் என்றார். அண்ணாச்சி பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் போட்டா சேவு திங்கணும்னே தோணாதா?"

"ஒரு கை தோணும் அண்ணாச்சி. ரெண்டாங்கை தோணாது."

அவர் சட்டியைத் திரும்பிப் பார்த்தார். சேவு பொரிந்து மேலே வந்தது. பிறகு, "அப்ப அந்த ஒரு கைக்குத்தான் இனி நாம பாக்கெட்டு போடணும்" என்றார். நாம என்று சொன்னார் ராசா. அந்தச் சொல்லில்தான் உன் கல்யாணம் மறுபடி நிச்சயமானது. பொரித்த சேவில் ஒரு கை அள்ளித் தாளில் வைத்துக் கொடுத்தார். பொறுமையாக, ஒவ்வொன்றாகத் தின்றேன். அத்தனை ருசி அதில் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, முன்பெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு பேச்சைப் பார்ப்பேனே தவிர ருசியை எங்கே பார்த்தேன். சேவு தின்றால் கை நனைந்ததாகுமா என்று, எங்களைக் கடைக்குக் கூட்டி வந்திருந்த கார்த்திகாவின் அம்மா மதினிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு கரண்டி மோர்ச்சோறு பிசைந்து எடுத்து வந்தாள். அதையும் சாப்பிட்டு, அங்கேயே கை கழுவினேன். திரும்பும்போது அப்பா காரை இருக்கன்குடிக்கு விடச் சொன்னார். மாரியம்மன் முன்னால் அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நீ சிவப்பு அம்பு போட்ட அந்த மனிதர் அம்பைப் பார்த்துப் பயப்படவில்லை. பசி போனாலும் நாக்கு இருக்கிறது என்பதைச் சட்டியைப் பார்த்தபடியே கண்டுபிடித்துவிட்டார். இப்போது அவர் கடையில் கால் கிலோ பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு கை அளவுச் சின்னப் பெட்டி இருக்கிறது. முதல் ஆர்டர் நம் பிரஸ்ஸில்தான் ஓடியது. பெரிய பெட்டியைவிடச் சின்னப் பெட்டிக்கு வேலை அதிகம், அட்டையும் ஒட்டும் கையும் அதிகம், அதனால் நமக்கு நஷ்டமில்லை. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்கள் நல்லதாகச் சாப்பிடப் பார்க்கிறார்கள் என்று அண்ணாச்சி சொல்கிறார். சம்பந்தி என்பதற்காகச் சொல்லவில்லை, வியாபாரம் தெரிந்த மனிதர்.

மருந்துக்கு வருகிறேன். நம் பிரஸ்ஸில் பெட்டி ஒட்டுகிற பெண்கள், நான் தூக்குவாளியில் பாதிச் சோற்றை மிச்சம் வைப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார்கள். ஊசியைச் சொன்னேன். பசியைக் காசு கொடுத்து விரட்டுகிறார்களா என்று அன்று முழுக்க ஒரே சிரிப்பு. விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வேனுக்காகக் காலையில் நிற்கிறவர்களிடம் இதைச் சொன்னாலும் அப்படித்தான் சிரிப்பார்கள். உழைத்துப் பசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அது எதற்கு. ஆனால் அவர்களில் ஒருத்தி தனியாக வந்து, தன் அக்காவுக்கு என்னைப் போலவே சுகரும் பெருத்த உடம்பும் இருக்கிறது, இந்த மருந்து எங்களால் வாங்க முடிகிற விலைக்கு வருமா என்று கேட்டாள். வரும், நம் ஊர்க் கம்பெனிகளே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. எனக்கு அப்போதுதான் உன் நினைவு வந்தது. விலை இறங்கினால் அவள் அக்காவுக்கு நல்லது. ஆளாளுக்குச் செய்து விலை இறங்குகிற சரக்கில் முதல் போட்டவனுக்கு?

இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். பொங்கல் வாழ்த்து அட்டை ஓகோவென்று ஓடிய காலத்தில், ஊரே அட்டை அடித்தது. மினுமினுப்பு ஒட்டுகிற மெஷின் ஒன்றை நாமும் வாங்கினோம். அட்டை விற்றதா என்றால் விற்றது, முன்னைவிட அதிகமாகவே விற்றது. ஆனால் எல்லாரும் அடித்ததில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. பிறகு செல்போன் வந்து அட்டையையே தூக்கிக்கொண்டு போனது. அந்த மெஷினை எடைக்குப் போட்டபோது நீ அதன் மேல் உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்று அழுதாய், உடம்பெல்லாம் மினுமினுப்பு. சரக்கு நல்ல சரக்கு என்பது வேறு, அதில் போட்ட பணம் திரும்பும் என்பது வேறு. பட்டாசிலும் அப்படித்தான், ஒரு சீசனில் ஒரு புது வெடி ஓடினால் மறு சீசனில் ஊர் முழுக்க அதே வெடிதான். உனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் ஆசை வந்துவிட்டால் படித்தவன் படிக்காதவன் என்று பார்ப்பதில்லை. உன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்தப் பங்குகளை வாங்கு, நான் தடுக்க மாட்டேன். பெருகினால் பேரப்பிள்ளைக்கு, போனால் உனக்குப் பாடம்.

வீட்டுக்காரனாகப் போகிறாய், அதற்கும் ஒன்று சொல்கிறேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் கார்த்திகாவிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடு. கௌரவம் பார்த்து இலையை மூடாதே. அவள் ஒன்றும் சாப்பிடாமல் எழுந்தால் கோபம் என்று நீயாக முடிவு கட்டாதே, என்ன செய்கிறது என்று கேள். அப்பாவுக்கும் எனக்கும் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி கேட்காமல் முடிவு கட்டியதால் வந்தவைதான். மீதிக் கால்வாசி உன் மாமாவால் வந்தது, அதை விடு.

இனி இடம். உன் படத்தின் கடைசிப் பக்கத்தில் எங்களைப் பற்றி எழுதியிருந்தாயே, பெற்றோருக்கு வயதாகிறது, உடல்நிலை காரணமாகத் தொழிலை விரிவாக்க வாய்ப்பில்லை, எனவே நிலத்தை விற்பதே நல்லது என்று. படித்துவிட்டு எனக்குக் கோபம் வரவில்லை. போன கோடையில் நீ கேட்டிருந்தால் நானே சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். மாடி ஏற முடியாதவளுக்கு இன்னொரு ஷெட் எதற்கு? ஆனால் நீ எல்லாருடைய பசியையும் கணக்கில் எடுத்தாய், எந்தக் கடை மூடும், எந்தப் பங்கு ஏறும் என்று எழுதினாய். ஊசி போட்டுக்கொண்ட உன் அம்மா எழுந்து நடந்தால் என்ன செய்வாள் என்று எழுத மறந்துவிட்டாய். இப்போது நான் வாசலில் உட்காருவதில்லை. மாடியில் கட்டிங் நடந்தால் மாடியில் நிற்கிறேன். கட்டிங் பையன்கள்தான் பாவம், வேவு பார்க்க வந்துவிட்டதாக முறைக்கிறார்கள்.

போன வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருத்தங்கல் ரோட்டு இடத்துக்குப் போனேன். முள்ளை வெட்டியாயிற்று, கொத்தனாரை வரச்சொல்லி அளந்தாயிற்று. கிழக்கே பார்த்து ஷெட், சின்னப் பெட்டிக்குத் தனி மெஷின். உன் கல்யாணம் முடிந்ததும் வேலை ஆரம்பிக்கிறோம். நீயும் கார்த்திகாவும் வந்து முதல் கல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பா மட்டும் அந்த வெயிலில் நின்றுகொண்டு, பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று கேட்டார். நான் சொன்னேன்: "அந்த ஊசிய எனக்குப் போட வச்சவனே அவன்தான. நான் நல்லாயிட்டா என்ன ஆகும்னு அவன்ல யோசிச்சிருக்கணும்."

அன்புடன்,
அம்மா